யூனிட் விலைக் கணக்கில் நான் தப்பு செய்த இடம்

மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்களுக்கான என்ஐஎஸ்எம் 5-ஏ தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 100 கேள்விகள், 2 மணி நேரம், 50 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எந்தக் கேள்வியையும் விடாதீர்கள்.

பி.காம் படித்திருந்ததால் என்ஏவி (நிகர சொத்து மதிப்பு, அதாவது ஃபண்டின் ஒரு யூனிட்டின் விலை) கணக்கை லேசாக எடுத்துக்கொண்டேன். மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: பங்குகளை வாங்கிய விலை 400 லட்சம், இன்றைய சந்தை மதிப்பு 500 லட்சம், ரொக்கமும் வரவேண்டிய டிவிடெண்டும் 20 லட்சம், கொடுக்கவேண்டிய கட்டணங்கள் 5 லட்சம், யூனிட் மூலதனம் 200 லட்சம், முகமதிப்பு 10 ரூபாய். என்ஏவி என்ன?

நான் மூலதனத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டேன். கம்பெனிக் கணக்கில் மூலதனம் பொறுப்புப் பக்கம்தானே இருக்கும், அந்தப் பழக்கம். 15.75 என்று வந்தது. கொடுத்திருந்த நான்கு விடைகளில் அதுவும் இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

ஃபண்டின் சொத்து முழுவதும் யூனிட்தாரர்களுடையது. அவர்கள் போட்ட மூலதனத்தை வெளியாள் கடன்போலக் கழிக்கக் கூடாது. 200 லட்சத்தை 10-ஆல் வகுத்தால் 20 லட்சம் யூனிட். கேள்வியில் மூலதனத்தைத் தருவது இந்த யூனிட் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க மட்டும்தான். சரி, இப்போது 500 + 20 - 5 = 515. அதை 20-ஆல் வகுத்தால் 25.75 ரூபாய்.

வாங்கிய விலை ஏன் வேண்டாம்? விற்காத பங்கின் லாபமும் இன்றைய யூனிட் விலையில் சேர்ந்தாக வேண்டும். சேர்க்காவிட்டால், பழைய முதலீட்டாளர் காத்திருந்து சம்பாதித்த லாபத்தில் இன்று நுழைபவர் மலிவாகப் பங்கு வாங்கிவிடுவார். வெளியேறுபவர் தன் பங்கை விட்டுவிட்டுப் போவார். இது புரிந்த பிறகு சூத்திரத்தை நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

எக்ஸிட் லோடு, அதாவது யூனிட்டைத் திரும்பக் கொடுக்கும்போது பிடிக்கும் கட்டணம், எளிது: என்ஏவி 40, லோடு 1% என்றால் கைக்கு வருவது 39.60. வாங்கும்போது பிடித்த என்ட்ரி லோடு 2009 ஆகஸ்ட்டோடு போய்விட்டது. ஆனால் 2020 ஜூலை முதல் வாங்கும்போது 0.005% முத்திரைக் கட்டணம் உண்டு. 10,000 ரூபாய்க்கு 50 காசு. 25 ரூபாய் என்ஏவியில் 399.98 யூனிட் கிடைக்கும்.

ஈக்விட்டி ஃபண்டுக்கு நேர வரம்பு மாலை 3 மணி. விண்ணப்பம் மட்டுமல்ல, பணமும் அதற்குள் ஃபண்டின் கணக்கில் சேர்ந்திருந்தால்தான் அன்றைய என்ஏவி.

அப்புறம், 10 ரூபாய் யூனிட் 200 ரூபாய் யூனிட்டைவிட மலிவா என்ற கேள்வி. இரண்டும் 10% ஏறினால் 11, 220 ஆகும். 10,000 ரூபாய் போட்டவருக்கு இரண்டிலும் 11,000தான். தேர்வு முடிந்து நான் பார்த்த முதல் வாடிக்கையாளரும் இதைத்தான் கேட்டார். அவர் வீட்டு நாள்காட்டித் தாளின் பின்பக்கம் இந்த எண்களை எழுதிக் காட்டினேன்.