இஞ்சதானே இருப்பீங்கள்?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, பழைய நிறுவனத்தில் என்னோடு ஒரே குழுவில் இருந்த தம்பி ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். தானும் மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு முழுநேர ஃப்ரீலான்ஸ் மென்பொருள் வேலைக்கு வரலாமா என்று யோசிக்கிறாராம். "உள்ளதை உள்ளபடி நீங்கள்தான் சொல்லுவீங்கள் அண்ணா" என்று முடித்திருந்தார். நான் அன்றிரவே நீண்ட பதில் ஒன்றை எழுதினேன். வரி, வங்கி, வருமானம் இல்லாத மாதங்கள் எதையும் மறைக்கவில்லை. ஆனால் எழுதி முடித்துத் திரும்ப வாசித்தபோது, அவருடைய அந்தக் கடைசி வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. 2024 ஜூலையில் இதே தம்பி என்னிடம் வேறொரு கேள்வி கேட்டிருந்தார். அன்று நான் உள்ளதை உள்ளபடி சொல்லவில்லை.

வேலை முடிந்து கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கினால், காலி வீதி என்ற பெருந்தெருவின் இரைச்சலைத் தவிர்த்து, கடலோர மரைன் டிரைவ் வழியாக நடப்பது எங்கள் இருவருக்கும் வழக்கமாகியிருந்தது. அவர் வாடகைக்கு இருந்த அறை கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்தது. என் வீடு அதற்குச் சற்று அப்பால். அந்த வாரம் அவருக்கு இன்னொரு நிறுவனத்திலிருந்து வேலை வந்திருந்தது. மாதம் ஐம்பதாயிரம் ரூபா கூடுதலாகக் கிடைக்கும். வவுனியாவில் வீட்டுக்குப் பணம் அனுப்புகிற ஒருவருக்கு அது சின்னத் தொகை அல்ல. நடந்துகொண்டே சொன்னார்: "அண்ணா, நான் அங்க வரேல்லையெண்டு நாளைக்குச் சொல்லப் போறன். எங்கட டீமில எனக்கு இன்னும் படிக்கக் கிடக்கு. நீங்கள் இஞ்சதானே இருப்பீங்கள்?"

நான் "ஓம்" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. பிறகு வேறு ஏதோ கதைத்தோம். என்ன கதைத்தோம் என்பது நினைவில் இல்லை. இந்த மூன்று வாக்கியங்களும் அந்த "ஓம்" என்ற ஒற்றைச் சொல்லும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அதற்கு முந்தைய மாதமே நான் முடிவெடுத்துவிட்டேன். நோர்வேயில் உள்ள சிறிய நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகளாக வார இறுதிகளில் வேலை செய்துகொண்டிருந்தேன். நவம்பரிலிருந்து முழுநேரமாக வருகிறேன் என்று ஜூனிலேயே அவர்களுக்கு எழுத்தில் கொடுத்திருந்தேன். முகம் பார்த்திராத அந்த மனிதர்களுக்கு என் திகதி தெரிந்திருந்தது. இரண்டரை ஆண்டுகளாகப் பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்குத் தெரியவில்லை.

இந்தத் தம்பி 2022 பெப்ரவரியில் சேர்ந்தவர். அவர் சேர்ந்த அடுத்த மாதமே நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தது. ஜெனரேட்டர் இருந்தபடியால் அலுவலகத்திலேயே இரவுவரை தங்கி, நான் அவருக்கு எங்கள் மென்பொருளின் கட்டணப் பகுதி நிரல்களைப் பக்கம் பக்கமாக விளக்கினேன். பழைய ஜாவா நிரல். அதை முழுவதும் அறிந்தவன் அந்த நிறுவனத்தில் நான் ஒருவன்தான். எனக்குப் பிறகு அவர்தான் அதைப் பார்க்க வேண்டும் என்பதை நான் அப்போதே எண்ணித்தான் கற்பித்தேனா, அல்லது இப்போது அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை. கற்பித்ததில் எனக்கு இருந்த மகிழ்ச்சி உண்மையானது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஜூனில் முடிவெடுத்தவன் ஜூலையில் ஏன் கடிதம் கொடுக்கவில்லை என்றால், நான் அங்கே சேர்ந்தது 2019 ஓகஸ்டில். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகள் பூர்த்தியானால் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. அதுவும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தின் அளவில். ஐந்து ஆண்டுக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஒரு நாள் குறைந்தாலும் ஒன்றுமில்லை. நிரந்தரச் சம்பளத்தை விட்டு வெளியே போகும் ஒருவனுக்கு, வீட்டு வாடகையும் பிள்ளையின் பாடசாலைச் செலவும் இரண்டரை மாதத்துக்கு உறுதி என்பது பெரிய தைரியம். அதற்காகக் காத்திருந்ததில் தவறு இருப்பதாக நான் இன்றும் நினைக்கவில்லை. அது நான் உழைத்த பணம்.

ஆனால் காத்திருந்ததற்கும் மறைத்ததற்கும் இடையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. அன்று என் மனதில் ஓடியது இதுதான்: தம்பியிடம் சொன்னால் அது மதியச் சாப்பாட்டு மேசைக்கு வரும், மேசைக்கு வந்தது மாலைக்குள் முகாமையாளரின் காதுக்குப் போகும், ஐந்து ஆண்டு நிறையும் முன்னரே என்னைப் போகச் சொல்லிவிடுவார்கள். இந்தப் பயத்தை நான் அப்போது யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருப்பதை, எல்லாம் முடிந்த பின்னர்தான் வாசித்தேன். பதினைந்து பேருக்கு மேல் வேலை செய்யும் எங்கள் நிறுவனத்துக்கும் அது பொருந்தும். அரை மணிநேரம் தேடியிருந்தால் அந்தப் பயம் தீர்ந்திருக்கும். தீர்ந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் எழுத விரும்புகிறேன். இரண்டு முறை எழுதி அழித்துவிட்டேன்.

அன்றிரவு வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் "இருக்கிறீங்களோ, போறீங்களோ" என்று யாராவது கேட்டால் அது நாட்டை விட்டுப் போவதைப் பற்றிய கேள்விதான். எங்கள் குழுவிலிருந்தே நான்கு பேர் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போயிருந்தார்கள். ஆகவே தம்பி கேட்டது நான் வெளிநாடு போகிறேனா என்பதைத்தான், நான் கொழும்பில்தானே இருக்கப் போகிறேன், "ஓம்" என்றது பொய் ஆகாது என்று விளக்கினேன். பிள்ளையின் கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்து, "அவர் அதையோ கேட்டவர்?" என்றார்.

"இஞ்ச" என்ற சொல்லை நான் அதற்குப் பிறகு எத்தனையோ முறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். இங்கே என்பது அந்த வீதியாக இருக்கலாம், கொழும்பாக இருக்கலாம், நாடாக இருக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய வாக்கியத்தில் "எங்கட டீமில" என்று அவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகு "இஞ்ச" என்பதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அந்தச் சொல்லின் அகலம் அன்று எனக்கு ஒதுங்க இடம் தந்தது, நானும் ஒதுங்கினேன்.

மறுநாள் அவர் அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஓகஸ்டில் எனக்கு ஐந்து ஆண்டு நிறைந்தது. செப்டெம்பர் கடைசியில் கடிதம் கொடுத்தேன். முகாமையாளருக்குச் சொல்லிவிட்டு வந்து அடுத்ததாக அவரிடம்தான் சொன்னேன். "அப்பிடியோ அண்ணா, நல்லது" என்றார். சற்றுப் பொறுத்து, "நோட்டீஸ் எவ்வளவு?" என்றார். ஒரு மாதம் என்றேன். ஜூலையில் கேட்ட கேள்வியை அவர் எடுக்கவேயில்லை. அன்றும் எடுக்கவில்லை, இன்றுவரை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். மன்னிப்புக் கேட்டிருப்பேன் அல்லது இன்னொரு முறை விளக்கியிருப்பேன். அவர் மறந்திருக்கலாம். மறந்த ஒருவரிடம் போய் நினைவுபடுத்துவது என் பாரத்தை அவர்மீது இறக்கி வைப்பதாகாதா என்று சில நாட்கள் தோன்றும். வேறு சில நாட்களில், இது எனக்கு வசதியான நியாயம் என்று தோன்றும்.

அந்த ஒரு மாதத்தில் கட்டணப் பகுதியைப் பற்றி நாற்பத்தாறு பக்கங்களில் ஒரு கையளிப்பு ஆவணம் எழுதினேன். யாரும் அவ்வளவு கேட்கவில்லை. ஆனாலும் ஆண்டிறுதிக் கணக்கு வேலைகள் அவர்மீதே விழுந்தன. 2025 பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போகவில்லை என்பதை இன்னொருவர் மூலம் அறிந்தேன். இரவு பத்து, பதினொரு மணிக்கு அவருடைய அழைப்பு வரும்; ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். என் நோர்வே வேலையை நிறுத்திவிட்டுக்கூடச் சொன்னேன். அழைப்புகள் குறைந்து, மார்ச் அளவில் நின்றன. அவருக்கு இனி நான் தேவையில்லை என்று தெரிந்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, ஏதோ ஒரு கடனை அடைக்கும் வழி மூடிவிட்டது போலவும் இருந்தது. அந்த ஆண்டின் நடுவில் அவரைக் குழுத் தலைவர் ஆக்கினார்கள். நான் வகித்த அதே இடம். சம்பளமும் ஜூலையில் அவர் விட்ட வேலையைவிடக் கூடுதல்.

ஆக, கணக்குப் பார்த்தால் என்னுடைய "ஓம்" அவருக்கு நன்மையாகவே முடிந்தது. அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அங்கே போய், இப்போது எங்கோ நடுவில் இருந்திருப்பார். இதை எனக்கு நானே பல முறை சொல்லியிருக்கிறேன். நன்றாக முடிந்துவிட்டது என்பதற்காக, அவர் எடுத்திருக்க வேண்டிய முடிவை நான் எடுத்துவிட்டேன் என்பது மாறவில்லை.

இப்போது அவருக்கு எழுதிய பதிலுக்கு வருகிறேன். அதில் முதலாவதாக, 2024இல் நான் போட்ட கணக்கு ஓர் ஆண்டுக்குள்ளேயே பிழையாகிப்போனதைச் சொன்னேன். அப்போது வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையின் வருமானத்தை வங்கி வழியாக இங்கே கொண்டுவந்தால் வருமான வரி இல்லை. 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து, ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா நிவாரணம் போக, மிகுதிக்கு அதிகபட்சம் 15 வீதம் வரி. அது நியாயமான வரி என்றே எண்ணுகிறேன். மாதச் சம்பளக்காரர்களிடம் 36 வீதம்வரை போகிறது. ஆனால் என் கணக்கில் அது இருக்கவில்லை. டொலரின் பெறுமதியும் அப்படித்தான். 2022 நடுப்பகுதியில் 360 ரூபா அளவில் நின்றது 2024 நடுப்பகுதியில் 300 ரூபா அளவுக்கு வந்திருந்தது. 360ஐ நிரந்தரம் என்று நம்பி வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஓய்வுக்காலத்துக்கான ஊழியர் சேமலாப நிதியைப் பற்றியும் எழுதினேன். சம்பளத்தில் பிடிக்கும் எட்டு வீதம்தான் எங்கள் கண்ணுக்குத் தெரியும். முதலாளி போடும் பன்னிரண்டு வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குப் போடும் மூன்று வீதமும் நின்ற பிறகுதான் அவையும் சம்பளமாகவே இருந்தன என்பது உறைக்கிறது. நான் வேலையை விட்டபோது பேபால் மூலம் இலங்கைக்குப் பணம் பெற முடியாதிருந்ததும், பேயோனியர் போன்ற வழிகளிலோ நேரடி வங்கிப் பரிமாற்றத்திலோ பெற வேண்டியிருந்ததும் அவருக்கும் தெரிந்தவையே. ஒஸ்லோ எங்களைவிடக் கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை மணிநேரம் பின்னால் இருப்பதால், அவர்களுடைய பிற்பகல் கூட்டம் பிள்ளையை நித்திரையாக்கும் நேரத்தில் வரும் என்றும் எழுதினேன். ஒரு வாடிக்கையாளரை மட்டும் நம்பி வெளியே வர வேண்டாம், ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவ்வளவும் இருந்தும் நான் திரும்பிப் போக மாட்டேன் என்றும் எழுதினேன். அதுவும் உண்மைதான். காலையில் மகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு வந்து, எனக்குப் பிடித்த வேலையில் மூன்று மணிநேரம் யாரும் குறுக்கிடாமல் அமர்ந்திருப்பதை எந்தச் சம்பளத்துக்கும் மாற்ற எனக்கு மனம் வராது.

கடைசியில், பழக்கத்தில் எழுதுவது போல ஒரு வரி எழுதினேன்: "உங்களுக்கு ஐந்து வருசம் எப்ப நிறையுது எண்டு பாருங்கோ. அதுக்கு முதல் கடிதம் குடுக்காதேங்கோ." நல்ல அறிவுரை. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

அவர் ஞாயிறு காலையில் பதில் எழுதினார். நன்றி சொல்லியிருந்தார். 2027 பெப்ரவரியில் நிறைகிறது என்றும், அதுவரை பொறுப்பது நல்லதுதான் என்றும் எழுதியிருந்தார். பிறகு தன்னுடைய குழுவில் ஹட்டனிலிருந்து வந்திருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தார். கட்டணப் பகுதியை அவருக்குத்தான் பழக்கிக்கொண்டிருக்கிறாராம், நல்ல கெட்டிக்காரியாம், என்னுடைய நாற்பத்தாறு பக்கங்களையும் வாசித்து முடித்துவிட்டாராம். அதன் கீழே தனியாக ஒரு வரி இருந்தது.

"அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருக்கிறதுதானே அண்ணா நல்லம்?"

மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. நான் வாசித்ததற்கான இரண்டு நீலக் கோடுகள் அவருக்குத் தெரிந்திருக்கும். "ஓம்" என்று இரண்டு முறை தட்டி அழித்திருக்கிறேன். "அந்தப் பிள்ளைக்கு மட்டுமாவது சொல்லுங்கோ" என்றும் ஒரு முறை தட்டினேன். அதை அனுப்புவதானால், 2024 ஜூலையில் மரைன் டிரைவில் அவர் கேட்டதற்கு நான் என்ன சொன்னேன் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.