மெழுகு பூசும் முன் பானெட்டைத் தடவிப் பாருங்கள்

செங்கோட்டைப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. ஜூன் பிறந்தால் சாரல் வேறு. தூசியும் ஈரமும் சேர்ந்து பெயிண்டில் பிடித்துக்கொண்டால் ஷாம்பூ போட்டாலும் முழுசாகப் போகாது.

என்னுடையது வெள்ளை வண்டி. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நிற்கும். பானெட்டிலும் டிக்கியிலும் ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள். பாடி துருப்பிடிக்கிறதோ என்று பயந்து, பெயிண்ட் வேலை பார்க்கிற அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் வண்டியைக் கழுவச் சொல்லி, என் கையில் மெல்லிய பாலிதீன் கவரை மாட்டி, "இப்பத் தடவிப் பாருடே" என்றார். பளபளவென்று தெரிந்த பானெட், உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. வெறும் கைக்கு அதில் பாதிகூடத் தெரியவில்லை.

"பாடி துரு இல்லடே, வெளிய இருந்து வந்த இரும்பு" என்றார். ரயில் பிரேக் பிடிக்கும்போது பறக்கிற துகள், மலையிறக்கத்தில் நம் பிரேக் டிஸ்க்கே கக்குகிற துகள் எல்லாம் மேல்பூச்சான கிளியர் கோட்டில் குத்தி உட்கார்ந்து, ஈரத்தில் துருவேறுகின்றன. அதன்மேல் வாக்ஸ், அதாவது மெழுகு, போட்டால் அழுக்கு உள்ளேயே அடைபடும், வாக்ஸும் சரியாகப் பிடிக்காது.

வேலையை நிழலில், தகடு சூடு ஆறிய பிறகு தொடங்கினோம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிட வேண்டும். காய்ந்த துணியால் துடைத்தால் எம்-சாண்டே கீறிவிடும். ஷாம்பூ கழுவலுக்குப் பிறகு அயர்ன் ரிமூவர், இரும்புத் துகளைக் கரைக்கிற திரவம். அடித்த கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதா நிறம் கசிந்து கோடு கோடாக வழிந்தது. அத்தனை இரும்பு அதில் இருந்ததா என்று மலைத்துப்போனேன். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; கையுறை, காற்றோட்டம் இரண்டும் வேண்டும். பெயிண்டில் காயவிடாமல் கழுவிவிடுங்கள். வீல் ஆர்ச் ஓரத்துத் தாருக்குத் தார் ரிமூவர் தொட்ட துணி போதும்.

இவற்றுக்கும் அசையாததற்குத்தான் கிளே பார், களிமண் மாதிரி பிசையக்கூடிய கட்டி. ஒரு துண்டைப் பிய்த்து உள்ளங்கையில் பிசைந்து தட்டையாக்கி, ஷாம்பூத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். வட்டம் போடக் கூடாது. ஆரம்பத்தில் கரகரவென்று சத்தம் வரும், கை இழுபடும். அழுக்கு ஏற ஏறச் சத்தம் அடங்கி, துண்டு தன்னால் வழுக்கத் தொடங்கும். அதுதான் அடையாளம், அடுத்த இடத்துக்குப் போகலாம். துண்டைத் திருப்பினால் பழுப்பாக இருக்கும், மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டு வாருங்கள். தரையில் விழுந்தால் அந்தத் துண்டைத் தூரப் போட்டுவிடுங்கள். ஒரு மணல் ஒட்டினாலும் பெயிண்ட் போச்சு.

கிளே எவ்வளவு பார்த்துத் தேய்த்தாலும் மெல்லிய மங்கல் விழலாம், கருப்பு வண்டியில் நன்றாகவே தெரியும். லேசான பாலிஷ் கொடுத்து அதை எடுத்த பிறகே வாக்ஸ், அதுவும் மெலிசாக. கனமாகப் போட்டால் துடைப்பதற்குள் தோள் கழன்றுவிடும்.

அடிக்கடி கிளே தேய்ப்பதும் பெயிண்டுக்கு நல்லதல்ல. கவர் போட்ட கைக்குச் சொரசொரப்பு தட்டினால் மட்டும் செய்யுங்கள். நம் ஊருக்குப் புரட்டாசி தோதான மாதம்: சாரல் ஓய்ந்திருக்கும், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வாக்ஸ் ஏறிவிடும்.