ஐரிஷ் காபி: கிரீம் மிதக்கும் வரை

அயர்லாந்து போகிறவர்கள் கடலோரப் பாறைகளையும் பழைய கோட்டைகளையும் பார்த்துவிட்டு வருவார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் வேறு இரண்டு வேலை இருந்தது. ஒன்று, விஸ்கி ஊற்றி மேலே கிரீம் மிதக்கவிடும் ஐரிஷ் காபியை ஒழுங்காகப் போடக் கற்றுக்கொள்வது. இன்னொன்று, விஸ்கியை மடக்கென்று விழுங்காமல் ருசித்துக் குடிக்கப் பழகுவது. பெரியம்மா மகன் லிமெரிக்கில் வேலை பார்க்கிறார், அண்ணி அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். டப்ளினில் இறங்கி, கார்க் வழியாகச் சுற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், அந்த அடுப்படியிலேயே பழகிப் பார்ப்பதாக ஏற்பாடு. கார் எடுக்கவே இல்லை. விஸ்கி ருசிக்கக் கிளம்பியவனுக்கு ஸ்டியரிங் எதற்கு? பஸ்ஸும் ரயிலும் தாராளமாகப் போதும்.

ருசி பார்ப்பதை டப்ளினின் போ ஸ்ட்ரீட்டில் தொடங்கினேன். 1780-இல் தொடங்கிய ஜேம்சன் வடிசாலை இருந்த இடம் அது. 1971-இல் அங்கே வடிப்பதை நிறுத்திவிட்டார்கள், இப்போது சுற்றிக் காட்டி ருசி பார்க்க வைக்கிறார்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா என மூன்று நாட்டு விஸ்கிகளையும் சின்னச் சின்னக் கிளாஸில் வரிசையாக வைத்தார்கள். தனித்தனியாக வேறு வேறு நாளில் குடித்திருந்தால் எனக்கு மூன்றும் ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஸ்காட்லாந்து விஸ்கியில் புகை வாசம். மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, காயவைக்கும்போது செடிகொடிகள் மட்கி உண்டான பீட் என்ற சதுப்பு மண்ணை எரிப்பதால் வருவது அது. அமெரிக்க விஸ்கியில் மக்காச்சோளத்தின் இனிப்பும், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயின் வெனிலா வாசமும். ஐரிஷ் விஸ்கி இரண்டையும்விட மென்மை. அதை மூன்று முறை வடிக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் இரண்டு முறைதான். எல்லா ஐரிஷ் விஸ்கியும் மூன்று முறை வடித்தது என்று நினைத்துவிடக் கூடாது, விதிவிலக்குகள் உண்டு. சட்டம் கேட்பது வேறு: அயர்லாந்துத் தீவிலேயே வடித்து, மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு ஊறவைத்து, 40 சதவீத ஆல்கஹாலுக்குக் குறையாமல் பாட்டிலில் அடைக்க வேண்டும்.

முகர்ந்து பார்ப்பதில்தான் பாதிக் கல்வி. கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் நெடி மட்டும் ஏறி, மூக்கு சிறிது நேரத்துக்கு வேலை நிறுத்தம் செய்துவிடும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, கிளாஸைத் தாடைக்குக் கீழே பிடித்து, மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். முதல் மடக்கை மதிப்பிடக் கூடாது, அது நாக்கைப் பழக்குவதற்கு. இரண்டாவது மடக்கை வாயில் சற்று நேரம் வைத்திருந்தால் ருசி பிரிந்து பிரிந்து வரும். அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும். தண்ணீர் விடுவது விஸ்கிக்கு அவமானம் என்று நம் நண்பர் வட்டத்தில் ஒரு வீரவசனம் உண்டு, அதை நம்ப வேண்டாம். சில விஸ்கிகள் தண்ணீர் பட்ட பிறகுதான் வாயைத் திறக்கின்றன.

டப்ளினில் லிபர்ட்டீஸ் என்ற பழைய வடிசாலைப் பேட்டையிலும் ஒரு மாலை சுற்றினேன். 1875 ஜூனில் அங்கே ஒரு பெரிய தீ விபத்து. கிடங்குகளில் இருந்த விஸ்கிப் பீப்பாய்கள் வெடித்து, தெருவில் விஸ்கி ஆறாக ஓடியிருக்கிறது. ஜனங்கள் தொப்பியிலும் பூட்ஸிலும் மொண்டு குடித்திருக்கிறார்கள். இறந்தவர்கள் 13 பேர், அத்தனை பேரும் அந்த விஸ்கியைக் குடித்ததால்தான், தீயில் யாரும் சாகவில்லை. அந்தப் பேட்டையில் பிற்பாடு ஒவ்வொரு வடிசாலையாக மூடப்பட்டு, 2015-இல் டீலிங் என்ற புது வடிசாலை திறந்தது. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு டப்ளினில் வந்த முதல் புது வடிசாலை அது.

கார்க் நகரிலிருந்து மிடில்டனுக்கு உள்ளூர் ரயில் போகிறது, அரை மணி நேரம்கூட ஆகாது. இன்று ஜேம்சன், பவர்ஸ், ரெட்பிரெஸ்ட் எல்லாம் வடிவது இங்கேதான். பழைய வடிசாலையில் ஒரு செப்புக் கொப்பரை நிற்கிறது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும், உலகத்திலேயே பெரிய பாட் ஸ்டில் (விஸ்கி வடிக்கும் கொப்பரை) என்கிறார்கள். ஆனால் எனக்கு அங்கே கிடைத்த உண்மையான லாபம் 'சிங்கிள் பாட் ஸ்டில்' என்ற வகையைப் புரிந்துகொண்டது. 1785-இல் முளைகட்டிய பார்லிக்கு வரி விதித்தார்கள். வரியைக் குறைக்க, முளைகட்டாத பார்லியையும் சேர்த்து வடித்தார்கள். வரிக்குப் பயந்து செய்த வேலை, ஒரு நாட்டின் தனி ருசியாகிவிட்டது. முளைகட்டாத பார்லி விஸ்கிக்கு ஒரு கெட்டித்தன்மையும், நாக்கின் ஓரத்தில் கிராம்பு, மிளகு மாதிரி ஒரு காரமும் தருகிறது. 12 ஆண்டு ஊறிய ரெட்பிரெஸ்ட் 12-இல் இதோடு ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயிலிருந்து வரும் உலர்திராட்சை வாசமும் சேர்கிறது. என் குறிப்பேட்டில் அதற்கு மட்டும் ஒரு பக்கம் போயிருக்கிறது.

லிமெரிக் வந்ததும் அண்ணனோடு ஃபாயின்ஸ் போனேன். ஷானன் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு சின்ன ஊர். 1937 முதல் 1945 வரை அட்லாண்டிக்கைக் கடக்கும் கடல் விமானங்கள் இங்கேதான் வந்து இறங்கின. தண்ணீரில் இறங்கும் விமானங்கள் அவை. பயணிகள் படகில் ஏறிக் கரைக்கு வர வேண்டும். 1943 குளிர்காலத்தில் ஓர் இரவு, நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிளம்பிய விமானம் மோசமான வானிலையால் பாதி வழியில் திரும்பிவிட்டது. நடுங்கிக்கொண்டு இறங்கியவர்களுக்கு, அங்கே சமையல் பொறுப்பில் இருந்த ஜோ ஷெரிடன் காபியில் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார். "இது பிரேசில் காபியா?" என்று ஒருவர் கேட்க, "இல்லை, ஐரிஷ் காபி" என்று அவர் சொன்னதாகக் கதை. கதை எவ்வளவு மெருகேறியதோ, இடம் நிஜம். பழைய விமான முனையமே இப்போது அருங்காட்சியகம். உள்ளே போயிங் 314 கடல் விமானத்தின் முழு அளவு மாதிரி இருக்கிறது. ஏறிப் பார்த்தால் படுக்கையும் சாப்பாட்டு அறையுமாக, இன்றைய விமானத்தின் நெருக்கடியை நினைத்துப் பெருமூச்சு வருகிறது.

அங்கேயே செய்முறையும் காட்டுகிறார்கள். கிளாஸில் முதலில் கொதிநீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிட வேண்டும். பழுப்புச் சர்க்கரை, விஸ்கி, சூடான கறுப்புக் காபி. சர்க்கரை கரையும்வரை கலக்க வேண்டும். மேலே விரல் அகலம் இடம் விட்டு, லேசாக அடித்த கிரீமைக் கரண்டியின் முதுகில் விட்டு மெல்ல இறக்க வேண்டும். அதற்குப் பிறகு கலக்கவே கூடாது. குளிர்ந்த கிரீம் வழியாகச் சூடான காபியை உறிஞ்சிக் குடிப்பதுதான் இதன் சூட்சுமம். இந்தப் பானத்துக்கு அரசுத் தரநிர்ணயமே இருக்கிறது. 1988-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு காபிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த நாட்டை எனக்குப் பிடித்துப்போனது.

செய்துகாட்டியவர் கையில் எல்லாம் சுலபமாக நடந்தது. வீட்டு அடுப்படியில் கிரீம் நேராக அடிக்குப் போனது. கிளாஸ் முழுக்கப் பால் விட்ட காபி நிறம். ருசி மோசமில்லை, ஆனால் அது ஐரிஷ் காபி இல்லை.

இதில் ஆறுதலான சங்கதி ஒன்று உண்டு. 1952 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் பியூனா விஸ்டா கஃபேயில், உரிமையாளர் ஜாக் கோப்லரும் பத்திரிகைக்காரர் ஸ்டாண்டன் டெலப்ளேனும் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் கொடுத்துவந்த ஐரிஷ் காபியைத் தங்கள் ஊரில் போட உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் கிரீம் மூழ்கியது. கடைசியில், பால் பண்ணை வைத்திருந்தவரும் பிற்காலத்தில் நகர மேயரானவருமான ஜார்ஜ் கிறிஸ்டோபரிடம் போனார்கள். கிரீமை 48 மணி நேரம் வைத்திருந்து, சரியான பதத்துக்கு நுரைத்தால் மிதக்கும் என்று வழி பிறந்தது. ஷெரிடனும் பிறகு அதே கஃபேக்கு வேலைக்குப் போனார்.

ஏன் மூழ்குகிறது என்று யோசித்தால் விடை விஸ்கியில் இருக்கிறது. 40 சதவீத விஸ்கி ஒரு லிட்டர் எடை போட்டால் சுமார் 950 கிராம்தான் வரும். சூடான காபியும் குளிர்ந்த தண்ணீரைவிட லேசு. இரண்டும் சேர்ந்த கலவையின் மேல் அப்படியே ஊற்றிய கிரீம் எப்படி நிற்கும்? சர்க்கரை போட்டால் கலவை கனமாகிறது, கிரீமை அடித்தால் காற்று புகுந்து அது லேசாகிறது. இரண்டு பக்கமும் தள்ள வேண்டும். "எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்கிறவருக்கு இதைப் போடுவது கஷ்டம். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி, அவருக்காக முயன்று பார்த்தேன். கிரீமை இன்னும் கெட்டியாக அடித்தால் நிற்கிறது, ஆனால் ஊடே காபி வருவதில்லை. மேலே வெண்ணெய்க் கட்டி மாதிரி உட்கார்ந்து, மூக்கில் ஒட்டிக்கொள்கிறது.

எனக்குக் கைகொடுத்தது ஜாம் பாட்டில். ஃபிரிட்ஜில் வைத்த கிரீமைச் சுத்தமான பாட்டிலில் பாதிக்குக் குறைவாக ஊற்றி, மூடிக் குலுக்க வேண்டும். முதலில் சளக் சளக் என்று சத்தம் கேட்கும். சத்தம் மந்தமானதும் நிறுத்திவிட வேண்டும். சாய்த்தால் தோசை மாவு பதத்தில், அவசரமில்லாமல் ஒழுகி வரணும். மின்சார விஸ்க்கில் இந்தப் பதத்தைத் தாண்டிவிடுவது சுலபம். டப்பாவிலிருந்து புஸ்ஸென்று பீச்சும் கிரீம் வேண்டவே வேண்டாம், சூடு பட்டதும் கரைந்து காணாமல் போகிறது. காபி கொதிக்கக் கொதிக்க இருக்கக் கூடாது என்பதும் இங்கேதான் பிடிபட்டது. ரொம்பச் சூடானால் ஆல்கஹால் ஆவி மூக்கில் அடித்து, கிரீமையும் உருக்கிவிடும்.

ராத்திரி டியூட்டி முடிந்து வந்த அண்ணி என் கிளாஸ் வரிசையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் காபி தண்ணி மாதிரி இருக்கு, நம்ம ஃபில்டர்ல டிகாக்ஷன் இறக்கித் தரட்டுமா?" என்றார். சிக்கரி கலந்த பொடி. டிகாக்ஷனில் வெந்நீர் கலந்து போட்டதில் கசப்பு நன்றாக இருந்தது, விஸ்கியின் மென்மையான வாசங்கள் எல்லாம் அதில் அடங்கிப்போயின. சிக்கரி இல்லாத பொடியில் போட்டபோது சரியாக வந்தது. அண்ணி விஸ்கி தொடுவதில்லை. அவருக்கு விஸ்கி இல்லாமல் போட்ட கிளாஸில் கிரீம் அழகாக நின்றதைப் பார்த்துக் கொஞ்சம் கடுப்பாகவும் இருந்தது.

எந்த விஸ்கி என்ற கேள்விக்குத்தான் ருசி பார்த்துப் பழகியது உதவியது. கடைகளில் விஸ்கி வாங்க நேரம் பார்த்துப் போக வேண்டும், காலை 10.30-க்கு முன்னால் விற்க மாட்டார்கள். 2022 முதல் குறைந்தபட்ச விலைச் சட்டமும் இருப்பதால் 700 மி.லி. பாட்டில் 22 யூரோவுக்குக் கீழே கிடைக்காது. அதனால் எல்லாவற்றையும் பாட்டிலாக வாங்கவில்லை, பப்பில் ஓர் அளவு, அதாவது 35.5 மி.லி., தனியாகக் குடித்துப் பார்த்து முடிவு செய்தேன். ரெட்பிரெஸ்ட்டைக் காபியில் ஊற்றுவது பணத்தைச் சாக்கடையில் ஊற்றுவதற்குச் சமம். அந்த உலர்திராட்சை வாசத்தைக் காபி முழுங்கிவிடுகிறது. புகை வாசமுள்ள கானமரா என்ற ஐரிஷ் விஸ்கி காபியோடு சண்டை போட்டது, கரிந்த காபி குடித்த மாதிரி. சாதாரண ஜேம்சன் நல்ல பிள்ளை, ஆனால் காபிக்குள் இருக்கிற இடம் தெரியவில்லை. பவர்ஸ் எனக்கு மிகச் சரியாக அமைந்தது. கலப்பு விஸ்கிதான், ஆனாலும் அதிலுள்ள பாட் ஸ்டில் காரம் கிரீமையும் சர்க்கரையையும் தாண்டி நாக்குக்கு வந்து சேர்கிறது. பியூனா விஸ்டாவில் டல்லமோர் டியூ என்ற ஐரிஷ் விஸ்கியை ஊற்றுகிறார்கள், அதை நான் இன்னும் காபியில் பார்க்கவில்லை.

இப்போதைக்கு என் அளவு இது: பவர்ஸ் 40 மி.லி., காபி 120 மி.லி., பழுப்புச் சர்க்கரை தாராளமாக இரண்டு டீஸ்பூன், கிரீம் விரல் அகலம். பத்துக்கு எட்டு தடவை கிரீம் நிற்கிறது என்று தோராயமாகச் சொல்லலாம். மூழ்குகிற தடவைகளில் கை அவசரப்பட்டிருக்கும், அல்லது கிளாஸைச் சூடாக்க மறந்திருப்பேன்.

ஊர் திரும்பும்போது சுங்கத்தில் வரியில்லாமல் அனுமதிக்கிற 2 லிட்டருக்குள் பவர்ஸும் ரெட்பிரெஸ்ட்டும் கொண்டுவந்தாயிற்று. சிக்கல் கிரீமில்தான். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம், எவ்வளவு குலுக்கினாலும் பதம் வரவில்லை. கேக் கடைக்காரர்கள் வாங்கும் இடத்தில் 35 சதவீதப் பால் கிரீம் கேட்டு வைத்திருக்கிறேன். செடிக் கொழுப்பில் செய்த இனிப்பு விப்பிங் கிரீமைத் தூக்கிக் கொடுக்கிறார்கள், பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அது வந்ததும் பாதியை உடனே அடித்தும், பாதியை 48 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து அடித்தும் பார்க்கப் போகிறேன்.