மூடுபனியில் வளைவை அறிவது எது?

போடிமெட்டு மலைச்சாலையில் மூடுபனி இறங்கிவிட்டால், பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்பின் பின்னால் அமர்ந்திருப்பவருக்கு வெளியே எதுவும் தெரிவதில்லை. ஆயினும் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே பிரேக் பிடிக்கப்பட்டது என்பதை அவர் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவார்.

இந்த அறிவின் ஒரு பாதி உட்செவியில் இருக்கிறது. அங்கே ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள திரவம் சற்றே பின்தங்கி நுண்மயிர்களை வளைப்பதால்தான் கொண்டை ஊசி வளைவு தொடங்கியது மூளைக்குத் தெரிகிறது. இவ்வமைப்பை ஆராய்ந்த ராபர்ட் பாரானிக்கு 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அருகிலேயே சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு சிறு பைகள் புவியீர்ப்பையும் நேர்கோட்டு முடுக்கத்தையும் அளக்கின்றன. ஆனால் வேகம் மாறும்போது மட்டுமே இவற்றால் நகர்வை அறிய முடியும். சமவெளியில் ஒரே வேகத்தில் நேராக ஓடும் வண்டியும், நிற்கும் வண்டியும் உட்செவிக்கு ஒன்றுதான்.

அந்த இடத்தில் தோல் பேசுகிறது. இருக்கையின் அதிர்வு, முகத்தில் படும் காற்று, வளைவில் வெளிப்புறத் தொடைக்கு மாறும் எடை, பக்கத்தில் இருப்பவரின் தோள் வந்து அழுத்துவது ஆகிய அனைத்தும் நகர்வின் சான்றுகள். பக்கத்துத் தண்டவாள ரயில் கிளம்பும்போது நாமே நகர்வதாகத் தோன்றும் மயக்கம்கூட, இருக்கையில் சிறிது அதிர்வைச் சேர்த்தால் வலுப்படுவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். புலன்களைப் பற்றிப் பேசும்போது தொடுவுணர்வைக் கண்ணுக்கும் காதுக்கும் அடுத்த இடத்தில் வைத்து இரண்டு வரியில் கடந்துவிடுவது நியாயமில்லை என்பதே என் கருத்து.

ஆய்வாளர்கள் ஜான் ஜெகாவும் ஜேம்ஸ் லாக்னரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டி வைத்து நின்றவர்கள், ஒரு நியூட்டனுக்கும், அதாவது ஏறக்குறைய 100 கிராம் எடைக்கும், குறைவான அழுத்தத்தில் விரல் நுனியால் ஒரு பரப்பைத் தொட்டபோது, கண் மூடியிருந்தும் உடலின் ஆட்டம் வெகுவாகக் குறைந்தது. உடலைத் தாங்க அந்த அழுத்தம் போதாது. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தியைத்தான் விரல் கொடுத்தது. இருபுறமும் உட்செவிச் சமநிலையை இழந்தவர்களும் இவ்வாறு தொட்டபடி இருட்டில் நிலைத்து நின்றதை லாக்னரின் குழு பின்னர் காட்டியது.

நெடுநாள் சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்வு மங்கிய முதியவர்கள், விளக்கு அணைந்ததும் தடுமாறுவதை நம் வீடுகளில் பார்க்கிறோம். தலைசுற்றல் என்று காதை மட்டும் பார்த்து அனுப்பாமல் அவர்களின் பாதங்களையும் மருத்துவர் சோதிக்க வேண்டும். மலைச்சரிவு வீடுகளின் படியோரத்தில், இறுகப் பிடிக்க மட்டுமல்லாமல் விரல் தொட்டபடி நடக்கவும் வாகாக, ஒரு கம்பி பொருத்திக் கொடுக்க வேண்டும்.