பேட்டரி தீர்ந்த கேசட்டும் சுவர்க் கடிகாரமும்

வீட்டில் பதிந்த பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒருவழியாக அந்த டிடிகே டி-60 கேசட் வழிக்கு வந்துவிட்டது, இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பன்னிரண்டு நிமிடம் உட்பட. பெட்டியில் இருக்கும் கேசட்டுகளிலேயே என்னை அதிகம் படுத்தியது இதுதான். "இதை விட்டுட்டு வேற கேசட்டப் பாருங்களேன்" என்று வீட்டில் சொன்னபோதும் விடவில்லை. அதனால் இன்று கொஞ்சம் மார்தட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேசட்டில் இருப்பது பெரிய கச்சேரியெல்லாம் இல்லை. 1990-ல் ஏழு வயதில் இருந்த என் மகள் வீட்டில் சரளி வரிசை சாதகம் செய்கிறாள். அருகில் சுருதிப் பெட்டி. பதினெட்டு நிமிடத்தில் பாடம் முடிகிறது, பெட்டியை மூடுகிறார்கள். ரெக்கார்டரை யாரும் நிறுத்தவில்லை. மீதிப் பன்னிரண்டு நிமிடமும் வீடு தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறது. எனக்கு வேண்டியது அந்தப் பன்னிரண்டு நிமிடம். அதில் என் அம்மா பேசுகிறார். அவர் குரல் வேறு எந்த கேசட்டிலும் இவ்வளவு நேரம் இல்லை.

கேசட்டை ஓட்டும் டெக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யுஎஸ்பி கேசட் கன்வர்ட்டர் என்று ஆன்லைனில் மலிவாக விற்கிறார்களே, அதை வாங்கி ஏமாந்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். சுருதிப் பெட்டியின் ஒரே ஸ்வரத்தை அதில் போட்டுக் கேளுங்கள், ஸ்வரம் தள்ளாடும். நான் பயன்படுத்துவது பழைய ஜப்பான் டெக் ஒன்று. பெல்ட்டுகள் உருகிப் பிசுபிசுத்துப் புல்லி முழுக்க ஒட்டிக்கிடந்தன. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் காதுகுடையும் பஞ்சுமாக ஒரு மதியம் போயிற்று. புது பெல்ட்டுகளை மாப்பிள்ளை சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்தார். அளவு தெரியாதபோது, பெல்ட் போகும் பாதையில் நூல் சுற்றி அளந்து அதில் ஐந்து சதவீதம் குறைத்துக் கேளுங்கள், அநேகமாகச் சரியாக இருக்கும். சதுர வெட்டு பெல்ட்தான் வேண்டும் என்று அடித்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கைக்கு வந்த ரப்பர் வளையத்தைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

கேசட்டுக்குள்ளே, டேப்பை ஹெட்டோடு ஒட்டிப் பிடிக்கும் அழுத்தப் பஞ்சு விழுந்துகிடந்தது. அதற்கு வழி நமக்கெல்லாம் தெரிந்ததுதான், கீறல் விழுந்த சினிமாப் பாட்டு கேசட் ஒன்றைப் பலி கொடுத்து அதன் பஞ்சை இதற்கு வைத்தேன். அப்புறம் அசிமத், அதாவது டேப்புக்கு எதிரே ஹெட் நிற்கும் சாய்வு. இந்தப் பதிவைச் செய்தது மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் மோனோ செட். அதன் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்வுக்கு என் டெக்கின் ஹெட்டும் வந்தாக வேண்டும். இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாக்கி ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, ஹெட் பக்கத்து ஸ்பிரிங் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். 'ச', 'ஸ' பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். காந்தம் ஏறிய திருப்புளியை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இதில் கிடைத்த மேல் அலைவரிசைதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இனி வில்லங்கத்துக்கு வருவோம். அன்று மின்தடை, ரெக்கார்டர் செல்லில் ஓடியிருக்கிறது. (மின்துறையில் வேலை பார்த்தவன் வீட்டில் மின்தடை என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவார்.) செல் பழசு. பதியப் பதிய மோட்டார் மெதுவாகிக்கொண்டே போயிருக்கிறது. சரியான வேகத்தில் ஓடும் டெக்கில் போட்டால் எல்லாம் போகப்போக வேகமாகிறது. மகள் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் ஆரம்பித்து ஆறு கட்டையில் முடிக்கிறாள். கடைசிப் பன்னிரண்டு நிமிடத்திலோ எல்லார் குரலும் கீச்சுக் கீச்சென்று ஆகிவிடுகிறது. அந்தக் கீச்சுக்குள் என் அம்மா எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை.

வேகம் ஒரே அளவில் தப்பியிருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஒரு எண்ணைத் தட்டினால் தீர்ந்தது. இது நழுவிக்கொண்டே போகும் வேகம். இதற்கு அதிலுள்ள டைம் டிராக் என்ற வேகக் கோடுதான் சரி. அந்தக் கோட்டில் அங்கங்கே புள்ளி வைத்து ஏற்றி இறக்கினால் வேகமும் சுருதியும் சேர்ந்தே மாறும், டேப்பில் நடந்ததும் அதுதானே. வேகத்தைத் தனியாக, சுருதியைத் தனியாக மாற்றும் கருவிகள் இந்த வேலைக்கு ஆகாது, குரல் உலோகமாகிவிடும்.

முதல் பதினெட்டு நிமிடம் சுலபம். சுருதிப் பெட்டி விடாமல் ஒலிக்கிறது. அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பெட்டியின் மேல் ஷட்ஜம் 415 ஹெர்ட்ஸில் தொடங்கி 440 வரை சரிந்தேறும் ஒரு கோடாகத் தெரிகிறது. அந்தக் கோட்டைப் படுக்க வைத்துவிட்டால் போதும். அந்தப் பழைய ரீடு பெட்டி இன்னும் பரணில் இருப்பதால் இறக்கித் தூசி தட்டி, துருத்தியை அமுக்கி அளந்தும் பார்த்தேன். முதல் நிமிடத்தின் 415 சரிதான், ரெக்கார்டர் கிளம்பும்போது ஒழுங்காகத்தான் கிளம்பியிருக்கிறது. ஆக, பாடம் முடியும் இடத்தில் டைம் டிராக் 94.3 சதவீதம்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. மெயின்ஸில் ஓடிய கேசட்டுகளில் கரண்ட் இரைச்சல் அடியில் கேட்கும். அதை 50 ஹெர்ட்ஸ் என்று வைத்து வேகத்தைத் திருத்தலாம் என்று பலர் சொல்கிறார்கள். வெளிநாட்டில் சரி, நம்ம ஊர்ப் பழைய டேப்புக்கு நம்பாதீர்கள். நான் துணைமின் நிலையத்தில் உட்கார்ந்து ஃப்ரீக்வென்சி மீட்டரைப் பார்த்தவன். தொண்ணூறுகளில் தென்மண்டல கிரிட்டில், அதாவது தென் மாநிலங்களை இணைக்கும் மின் வலைப்பின்னலில், மாலை உச்ச நேரத்தில் முள் 49-க்குக் கீழே நிற்பது சர்வ சாதாரணம். 2003 ஜனவரியில் தென்மண்டலத்துக்குப் புதிய கட்டண முறை வந்து, ஃப்ரீக்வென்சி இறங்கும்போது கூடுதலாக இழுப்பவர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றான பிறகுதான் நிலைமை சீரானது. அதற்கு முந்தைய கேசட்டில் 48.6 தெரிந்தால் டேப் மெதுவா, கிரிட் மெதுவா என்று யார் சொல்வது? மனிதக் குரலை ஐம்பதுக்கு இழுத்து நிறுத்தினால் ஆள் மாறிவிடும். சரி, இந்த கேசட்டுக்கு அந்தக் கவலையே இல்லை, கரண்டே இல்லையே.

சுருதிப் பெட்டி நின்ற பிறகு என்ன செய்வது? முதலில் அதே சரிவை ஸ்கேல் வைத்து நீட்டினேன். அந்தக் கணக்குப்படி பக்கம் முடியும் இடத்தில் ஏறக்குறைய 91 சதவீதம் வர வேண்டும். போட்டுக் காட்டினேன். மனைவி சமையல்கட்டிலிருந்தே, "அத்தை குரல் இவ்வளவு மெல்லிசா இருக்காது" என்றார். எனக்கோ சரியாகத்தான் பட்டது. "நீங்க வேலைக்குப் போயிட்டு ராத்திரி வருவீங்க. நாள் பூரா அவங்க குரலக் கேட்டவ நான்" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச? செல் சாகும் தறுவாயில் வேகம் நேர்கோட்டில் இறங்காது, சட்டென்று விழும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு விழுந்தது என்று காட்ட ஒரு சாட்சி வேண்டுமே. குரலை மனம்போனபடி இறக்கிக்கொண்டே போனால், நான் நினைத்து வைத்திருக்கும் அம்மா வருவாரே தவிர டேப்பில் இருக்கும் அம்மா வரமாட்டார்.

சாட்சி கிடைத்தது சுவரில். அந்த மாதிரி மலிவு மோனோ செட்டுகளில் பதிவு அளவைத் தானாக ஏற்றி இறக்கும் சர்க்யூட் இருக்கும். யாரும் பேசாமல் இருந்தால் அது காதைத் தீட்டிக்கொண்டு, இருக்கிற சின்னச் சத்தத்தையெல்லாம் தூக்கிவிடும். இசை பதிகிறவர்கள் அதைத் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன். இனி திட்டமாட்டேன். பேச்சு நிற்கும் இடங்களில் 3000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டிவிட்டுப் பார்த்தால் வரிசையாகச் செங்குத்துக் கோடுகள். கூடத்தில் மாட்டியிருந்த, சாவி கொடுக்கும் பெண்டுலம் கடிகாரம்! அசிமத் சரியில்லாமல் இருந்திருந்தால் இந்தக் கோடுகள் வந்தே இருக்காது.

கடிகாரம் இன்று வீட்டில் இல்லை. அதனால் என்ன? சுருதிப் பெட்டி நின்ற அடுத்த சில நொடிகளில் வேகம் 94.3 என்று எனக்குத் தெரியும். அங்கே டிக் டிக்கை அளந்தேன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடிகாரம் துளி சாய்ந்து மாட்டியிருந்தால் டிக்குக்கும் டாக்குக்கும் நடுவே இடைவெளி ஒன்றுபோல இருக்காது, நொண்டும். எங்கள் கடிகாரம் நன்றாகவே நொண்டியது. அதனால் ஒரு டிக்கிலிருந்து அடுத்த டாக்கை அளக்காமல், டிக்கிலிருந்து டிக்குக்கு, பத்து ஜோடியாகச் சேர்த்து அளக்க வேண்டும். டேப்பில் 10.4 நொடி. திருத்தினால் 11. இது கடிகாரத்தின் கணக்கு, மாறாது. அதற்குப் பிறகு எங்கெல்லாம் மௌனம் வருகிறதோ அங்கெல்லாம் பத்து ஜோடி எண்ணி, அது 11 நொடி வரும்படி புள்ளி வைத்தேன். பக்கம் முடியும் இடத்தில் பத்து ஜோடிக்கு 9.5 நொடி. அதாவது 86 சதவீதம். என் ஸ்கேல் கோட்டில் குரல் கிட்டத்தட்ட அரைக் கட்டை தூக்கலாக இருந்திருக்கிறது. மனைவியின் காது அதை அடுப்படியிலிருந்தே பிடித்துவிட்டது.

மிக நீளமான மௌனம் எங்கே கிடைத்தது தெரியுமா? மகள் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு என் அம்மாவிடம் போயிருக்கிறாள். அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார் போல, கிண்ணத்தில் டொக் டொக்கென்று விழுகிறது.

"அப்பாயி, தாத்தா பேரு என்ன?"

"போடி, வேலை கெடக்கு."

"சொல்லு அப்பாயி."

"மலைக்கோட்டையில இருக்காரே, அவரு பேருதான்."

"பிள்ளையாரா?"

"அவருக்குக் கீழ."

இங்கேதான் அந்த மௌனம். குழந்தை யோசிக்கிறாள். மொச்சை உரிப்பதும் நின்றுவிடுகிறது. கடிகாரம் மட்டும் நொண்டிக்கொண்டு ஓடுகிறது. அப்புறம் மகள் தெருவுக்கே கேட்கும்படி, "தாயுமானவனா!" என்று கத்துகிறாள். "ஏய், மெதுவா! உள்ள படுத்திருக்காரு" என்று சொல்லிவிட்டு அம்மா சிரிக்கிறார். அப்பாவின் பேரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதேயில்லை, இந்த டேப்பிலும் சொல்லவில்லை.

மே லீவுக்கு வந்திருந்த பேத்திக்குப் போட்டுக் காட்டினேன். சரளி வரிசையில் அவள் அம்மா தாளம் விட்டுத் திட்டு வாங்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அம்மாவும் திட்டு வாங்கியிருக்கிறாள் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு குஷி. மலைக்கோட்டைப் பகுதியைக் கேட்டதும் எழுந்து ஓடி, "அம்மாயி, தாத்தா பேரு என்ன?" என்று என் மனைவியிடம் கேட்டாள். மனைவி கொஞ்சமும் தயங்காமல் இனிஷியலோடு சொன்னார். பேத்திக்கு ஏமாற்றம். "அவரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் அந்த ஹெட்போனக் கழட்டுவாரு" என்று கூடுதல் தகவலும் கிடைத்தது.

மகளுக்கு போனில் அனுப்பினேன். அன்றிரவு முழுக்க அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜாக வந்து விழுந்தது. மொச்சை இல்லை, பட்டாணி என்கிறாள். சத்தத்தை வைத்து எப்படித் தெரியுமாம்? இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

சத்தம் நீக்குவது பற்றி ஒரு வார்த்தை. பலர் டேப்பை ஏற்றியதும் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். ஆட்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. இந்தக் கடைசிப் பகுதியில் ஒரு சரக் சரக் சத்தம் பின்னால் வந்துகொண்டே இருந்தது. டேப் உரசலோ என்று சந்தேகப்பட்டு, அதை மட்டும் பிடித்து அடக்கலாம் என்று மாதிரி எடுத்துவைத்திருந்தேன். திருத்திய வேகத்தில் கேட்ட மனைவி, "அது நான்தான்" என்றார். மின்தடை நாள், மிக்சி ஓடாது. உள்ளே அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பக்கம் முழுவதிலும் அவர் பேச்சு ஒரு சொல்கூட இல்லை, அம்மிச் சத்தம் மட்டும்தான். மாதிரியை அழித்துவிட்டேன். ஆக, நான் நீக்கியது எதுவும் இல்லை. திருத்தாத அசலை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ வேவ் கோப்பாக அப்படியே வைத்திருக்கிறேன். அரை மணி நேரத்துக்கு 260 எம்பி, இந்தக் காலத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. எம்பி3 மட்டும் வைத்துக்கொண்டு அசலைக் கழித்துக்கட்டுபவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

அடுத்து வரிசையில் இருப்பது வானொலியோடு கலந்து பதிவான ஒன்று. காலைச் செய்தியில் சரோஜ் நாராயணசுவாமி வாசித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் அப்பா சவரம் செய்துகொண்டே செய்திக்கு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேகம் சரிபார்க்க சரோஜ் நாராயணசுவாமியின் குரலே போதும், அதைத் தெரியாத தமிழர் என் வயதில் யாரும் இல்லை. ஆனால் டேப் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறது. அதை நல்ல டெக்கில் ஏற்றப் போவதில்லை. மூக்கை மூடிக்கொண்டு, தனியாக ஓர் உடைந்த செட்டில் சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். அந்த உடைந்த செட்டுக்கு, டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் கல்லாகிவிட்டது. குறுக்களவு 13 மில்லிமீட்டர், அச்சு 2 மில்லிமீட்டர். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். மாப்பிள்ளையை மறுபடியும் ரிச்சி தெருவுக்கு அனுப்ப மகள் சம்மதிக்க மாட்டாள் போலிருக்கிறது.