லில்லிபாண்ட்ல ஒரு அம்பா பாட்டு: ஸ்லரும் டைனமிக்ஸும்

கரைவலை இழுக்கிறப்ப பாடுற அம்பாவ நாலு குரல்ல பிரிச்சு எழுதி எங்க கோயில் கொயருக்குக் கொடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. தங்கச்சிமடம் பக்கம் எங்க பெரியப்பா பாடினத போன்ல பதிஞ்சு வச்சிருந்தேன். விசைப்படகுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், அப்பதான் பேஸ் குரல் பாடுற அண்ணன்மாரு எல்லாம் கரையில இருப்பாங்க, அதுக்குள்ள பேப்பர் கைக்கு வரணும். சுரம் எழுதுறது சீக்கிரம் முடிஞ்சுது, அதுல சொல்ல ஒண்ணுமில்ல. நேரத்த எல்லாம் தின்னது ஸ்லரும் (சுரங்கள சேர்த்துப் பாடணும்னு காட்டுற வளைவு) டைனமிக்ஸும் (சத்தம் கூடுறது குறையுறதக் காட்டுற குறி) தான்.

லில்லிபாண்ட் தெரியாதவங்களுக்கு: 1996ல தொடங்கின இலவச சாஃப்ட்வேர், மவுஸால குறிய இழுத்து வைக்கிற வேலையே கிடையாது, எல்லாத்தையும் டெக்ஸ்டா டைப் பண்ணி ஓட்டினா பிடிஎஃப் வரும். நான் ஃப்ரெஸ்கோபால்டி எடிட்டர்ல எழுதுறேன், அதுல பிடிஎஃப்ல ஒரு சுரத்த கிளிக் பண்ணா டெக்ஸ்ட்ல அந்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டுரும்.

முதல்ல ஸ்லர். திறக்குற அடைப்புக்குறி ( முதல் சுரத்துக்கு முன்னாடி வராது, அதுக்குப் பின்னாடி ஒட்டி வரும், மூடுற ) கடைசி சுரத்துக்குப் பின்னாடி. ஒரு சுரத்துல ஒரு ஸ்லர் முடிஞ்சு அங்கேயே அடுத்தது தொடங்கணும்னா )( னு போட்டா போதும். இதெல்லாம் கையேட்டுலயே இருக்கு. எனக்கு உண்மையிலயே சுவாரசியமா இருந்தது பாட்டு வரியோட சேரும்போது நடக்குறதுதான். வாய்ப்பாட்டுல ஸ்லர் வெறும் அழகுக்கான வளைவு இல்ல, அதுக்குள்ள இருக்குற சுரம் அத்தனைக்கும் ஒரே அசைன்னு லில்லிபாண்ட் எடுத்துக்கும். பெரியப்பா அந்த "லோ"வ நாலஞ்சு சுரத்துல இழுத்துப் பாடுவார், அங்க ஸ்லர் போட்டுட்டு கீழ இப்படி மட்டும் எழுதினேன்:

ஏ -- லே -- லோ __

அசை தானா சரியான சுரத்துக்குக் கீழ போய் உக்காந்துருச்சு, கடைசியில இருக்குற ரெண்டு அடிக்கோடு, இழுக்குற வரைக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டும். தமிழ் எழுத்தும் யூனிகோட்லயே போகுது, ஃபாண்ட் பேர மட்டும் கொடுத்தேன். புள்ளி வச்ச எழுத்த தனி அசையா பிரிக்காம முன்னாடி எழுத்தோட சேர்த்துரணும், இல்லன்னா அது தனக்குன்னு ஒரு சுரத்த எடுத்துக்கும்.

ஆனா ஒரே மூச்சுல பாடவேண்டிய வரி முழுசுக்கும் மேல வளைவு வேணும்னா என்ன பண்றது? அங்கயும் சாதா ஸ்லர் போட்டா வரி மொத்தமும் ஒரே அசையா சுருங்கிரும். அதுக்குத்தான் ஃப்ரேசிங் ஸ்லர், அடைப்புக்குறிக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ் சேர்த்து \( \) னு போடுறது. அது அசைய தொடாது, உள்ள சாதா ஸ்லர் இருந்தாலும் சண்டை போடாது. இந்த ரெண்டையும் பிரிச்சு வச்சதுமே பாதி வேலை முடிஞ்ச மாதிரி இருந்துச்சு.

அடுத்து சத்தம். குறிக்கு தமிழ்ல பேர் வச்சுக்க முடியுது, அதனால மெல்லங்குற பேருக்கு பியானோ குறியையும் பலமாங்குற பேருக்கு ஃபோர்ட்டேயையும் சமம் போட்டு மேல எழுதிட்டேன். அப்புறம் சுரத்துக்குப் பின்னாடி \மெல்ல, \பலமா னு அடிச்சா போதும், பிடிஎஃப்ல வழக்கமான பி, எஃப் தான் வரும். வளர்றதுக்கு \<, குறையுறதுக்கு \>, நிறுத்த \! இல்லன்னா அடுத்த டைனமிக்ஸ் குறி. அடுத்த பார்ல (தாளக் கட்டத்துல) முதல் சுரத்துல முடிச்சா ஹேர்பின், அதாவது வளர்றதையும் குறையுறதையும் காட்டுற நீட்டுக் குறி, பார் கோட்டுக்கிட்டயே நின்னுரும், அது அப்படித்தான் வரணும்.

வலைய இழுக்குற நேரத்துல ஒரே நீட்டு சுரத்துக்குள்ள சத்தம் ஏறி இறங்கும். குறி சுரத்தோடதானே ஒட்டும், நடுவுல ஒட்ட சுரம் இல்லையே. வழி என்னன்னா அந்த நீட்டு சுரத்தோட பக்கத்துலயே ஒண்ணும் அச்சாகாத ஸ்பேசர் ரெஸ்ட் ரெண்ட இணையா ஓடவிட்டு, முதல்ல இருக்கிறதுல \< அடுத்ததுல \> மாட்டிவிடுறது. கம்ப்யூட்டரே வாசிச்சுக் காட்டுற மிடி ஃபைல்லயும் அந்த ஏத்த இறக்கம் கேக்குது, அத வாட்ஸ்அப்ல போட்டுவிட்டேன், பாதி பேருக்கு நோட்டேஷன விட அதுதான் உதவியா இருந்துச்சு.

இடம்தான் கடைசி. டைனமிக்ஸ் வழக்கமா ஸ்டாஃபுக்கு (சுரம் எழுதுற அஞ்சு கோட்டுக்கு) கீழதான் வரும், வாய்ப்பாட்டுல கீழ பாட்டு வரிகள் இருக்கிறதால ஒண்ண ஒண்ணு தள்ளி பக்கம் அசிங்கமா போகும். டைனமிக்அப் கட்டளைய ஒவ்வொரு குரல் தொடக்கத்துலயும் ஒருதடவ போட்டா எல்லாம் மேல ஏறிரும். சோப்ரானோவும் ஆல்டோவும் ஒரே ஸ்டாஃப்ல இருந்தா வாய்ஸ்ஒன், வாய்ஸ்டூ கட்டளை ஸ்லர மேல ஒண்ணு கீழ ஒண்ணா திருப்பும், ஆனா டைனமிக்ஸ அது நகர்த்தாது, தனியா சொல்லித்தான் ஆகணும். ஏறி இறங்கி நின்ன குறிகள ஒரே உயரத்துக்குக் கொண்டுவர டைனமிக்லைன்ஸ்பேனரோட ஸ்டாஃப்-பேடிங்க (ஸ்டாஃபுக்கும் குறிக்கும் நடுவுல விடுற இடைவெளிய) 3 ஆக்கினேன், மொத்தப் பாட்டும் நேராச்சு. ஒவ்வொரு குறியையும் தனித்தனியா தள்ளிவிடுற ஆளுங்க இருக்காங்க, எனக்கு அது பிடிக்கல, நடுவுல ஒரு பார் சேர்த்தா வரி உடையுற இடம் மாறும், தள்ளினது எல்லாம் வீணாப்போயிரும். எதோட எது ஒட்டணும்ங்குறது முதல்ல, அப்புறம் மொத்தத்துக்கும் ஒரு அமைப்பு, அதுக்கப்புறமும் கண்ண உறுத்துறதுக்கு மட்டும் ஷேப் கட்டளை, அதுல ஸ்லரோட நாலு கட்டுப்பாட்டுப் புள்ளிய நகர்த்தலாம்.

இப்ப பாக்கி நிக்கிறது டெனர்ல ஒரு ஸ்லர் மட்டும். அது வரி முடியுற இடத்துல ரெண்டா உடைஞ்சு அடுத்த வரியில தட்டையா தொடருது. ஷேப்ல ரெண்டு துண்டுக்கும் தனித்தனி எண் கொடுக்க முடியும்தான், ஆனா அந்த பார் கோட்டுல நோபிரேக் (இங்க வரிய உடைக்காதேங்குற கட்டளை) போட்டு வரியையே முன்னாடி உடைக்க விட்டுப் பாக்கப்போறேன், பாடுறவங்க மூச்சு எடுக்குற இடமும் அங்கதான் வருது.