ஊருக்கு அனுப்பும் பணம் வழியில் யார் பொறுப்பில் இருக்கிறது?

அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் நம்மவர்கள் பெரும்பாலும் டாலருக்கு இன்று எவ்வளவு கிடைக்கும், கட்டணம் எவ்வளவு என்ற இரண்டை மட்டுமே பார்க்கிறோம். அந்த நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது யார் என்று கேட்டால், வாஷிங்டனில் உள்ள ஏதோ ஓர் அலுவலகம் என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் மத்திய அரசிடம் செய்வது வெறும் பதிவு. உரிமம் வழங்குவது ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே. 2016க்குப் பிறகு மொன்டானா ஒன்றுதான் இதற்கு விலக்கு. தென் கரோலினா அந்த ஆண்டில்தான் இதற்கெனச் சட்டம் இயற்றியது.

மாநிலங்கள் இதில் ஏன் தலையிடுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, பணம் வழியில் இருக்கும் அந்த ஓரிரு நாட்களைக் கவனிக்க வேண்டும். வங்கியில் போட்ட பணத்துக்கு 2,50,000 டாலர் வரை மத்திய அரசின் காப்பீடு உண்டு. பணம் அனுப்பும் நிறுவனம் திவாலானால், அதனிடம் நாம் கொடுத்த தொகைக்கு அந்தக் காப்பீடு கைகொடுக்காது. அதனால்தான், இன்னும் உரியவரிடம் சேராத தொகை எவ்வளவோ அதற்கு ஈடான சொத்தை ரொக்கமாகவோ அரசுக் கடன்பத்திரமாகவோ எளிதில் பணமாக்கக்கூடிய வேறு வடிவிலோ நிறுவனம் எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டங்கள் விதிக்கின்றன. அதற்கு மேல் ஒரு பிணைப்பத்திரமும் (நிறுவனம் தவறினால் வேறொரு காப்பீட்டு நிறுவனம் ஈடுகட்டும் என்ற உறுதி) கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவிலிருந்து இயங்கிய சீகே என்ற நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் வாங்கிய பணத்தை உரியவர்களுக்குச் சேர்க்காமல் விட்டபோது, 2024இல் பல மாநிலங்கள் சேர்ந்து அதன்மீது நடவடிக்கை எடுத்தன. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதற்கு அந்தப் பிணைப்பத்திரங்களே வழியாயின. இந்தச் சட்டங்களில் எனக்கு முழு உடன்பாடு உள்ள பகுதி இதுதான்.

உடன்பாடில்லாதது, அதே விதியை 49 முறை தனித்தனியாக நிறைவேற்றச் சொல்வது. நிறுவனத்தின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது இங்கே கணக்கில்லை. வாடிக்கையாளர் எங்கே இருக்கிறாரோ அந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும். முன்பு ஒரு தெருவில் கடை போட்டவருக்கு ஓர் உரிமம் போதுமாக இருந்தது. இணையத்தில் கடை திறப்பவர் முதல் நாளே நாடு முழுவதற்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. இயக்குநர்களின் கைரேகை, தணிக்கை செய்த கணக்கு, குறைந்தபட்ச நிகர மதிப்பு, விண்ணப்பக் கட்டணம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் உள்நாட்டுப் பணமாற்றத்தையும் உரிமத்தின்கீழ் கொண்டுவந்த சட்டம் 2011 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, சிறிய நிறுவனங்கள் சில கடையை மூட வேண்டியதாயிற்று.

இதைவிடக் கடுமையானது மத்தியக் குற்றவியல் சட்டத்தின் 1960ஆம் பிரிவு. (எண்தான் 1960; பிரிவு 1992இல் வந்தது.) மாநில உரிமம் இல்லாமல் இத்தொழிலை நடத்துவது ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம், உரிமம் தேவை என்றே எனக்குத் தெரியாது என்ற வாதம் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எடுபடாது. நம்மவர்களிடையே பழக்கமான உண்டியல் முறையில், தெரிந்தவர்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு இங்கே டாலர் வாங்கி அங்கே ரூபாய் கொடுப்பதைத் தொழிலாகச் செய்பவரும் இந்தப் பிரிவில் சிக்கலாம். போதைப்பொருள் பணத்தை மாற்றுபவரையும் அண்டை வீட்டாருக்குப் பணம் அனுப்பித் தருபவரையும் ஒரே பிரிவில் நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மாநில வங்கி மேற்பார்வையாளர்களின் கூட்டமைப்பு 2021இல் ஒரு மாதிரிச் சட்டத்தை உருவாக்கியது. அதை முழுதாகவோ பகுதியாகவோ இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றிருக்கின்றன. விதிகள் ஒன்றுபோல ஆனாலும் உரிமங்கள் இன்னும் தனித்தனிதான். ஒரு மாநிலத்தின் உரிமத்தை மற்ற மாநிலங்கள் அப்படியே ஏற்கும் நாள் அருகில் வருவதாகத் தெரியவில்லை.

அதுவரை, புதிய செயலி எதிலும் பணம் போடுவதற்கு முன், மாநிலங்கள் பொதுவில் நடத்தும் என்எம்எல்எஸ் உரிமப் பதிவேட்டில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடி, நான் வசிக்கும் மாநிலத்தில் அதற்கு நடப்பு உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அந்நிறுவனத்தின்மீது மாநிலங்கள் எடுத்த நடவடிக்கைகளும் பல சமயம் அதே பக்கத்தில் கிடைக்கும்.